இழையில் தங்கிய பெயர்

பெர்லிதா யபானியெஸுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மண்டாவேயில் அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் கவலைப்படாமல் மெரியெந்தா என்ற மாலைச் சிற்றுண்டி தின்னக் கீழே இறங்கிப் போவார்கள். சொல் சொல்லாக எடுத்து மெதுவாக மேசையில் வைக்க ஆரம்பித்தாள் என்றால், பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துகொள்வார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கார்கார் ஊர்க்காரி. அப்பாவும் சித்தப்பாக்களும் செருப்பு தைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது இவள் ஒருத்திதான். படிப்பு முடிந்ததும் மக்தான் தீவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் வேலை. அந்த இயந்திரங்களை வருடத்துக்கு இரண்டு முறைதான் நிறுத்துவார்கள். நிரல் ஒரு துளி நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விட மறந்தால் முதல் நாள் தெரியாது, முதல் மாதமும் தெரியாது; மூன்றாவது மாதம் மொத்த வரிசையும் நின்றுபோகும். ஆறு வருடம் அங்கே குப்பை கொட்டியதில், பிடித்ததை விடுவதும் திறந்ததை மூடுவதும் அவளுக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. "காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கப்பைக் கழுவப் பிடுங்கிட்டுப் போயிடுவா" என்று அவள் புருஷன் நெஸ்தோர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவன் ஜீப்னி என்கிற ஊர்ப் பயணி வண்டிகளுக்கு மெக்கானிக். அவன் வைத்த ஸ்பேனர் வைத்த இடத்தில் இருந்ததே கிடையாது.

மண்டாவே அலுவலகத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். அங்கே விற்றது ஒரே ஒரு மென்பொருள், மருத்துவமனைகளின் ரத்த வங்கிக்கானது. எந்த நோயாளிக்கு எந்த ரத்த வகை, எந்த ரத்தப் பை யாருக்குப் போனது, எந்தப் பதிவை யார் எத்தனை மணிக்கு மாற்றினார்கள் எல்லாம் அதில் இருக்கும். சுற்றுவட்டத் தீவுகளில் பதினோரு மருத்துவமனைகளில் அது ஓடியது. திரையில் தெரிகிற அழகெல்லாம் மற்றவர்கள் செய்தது. உள்ளே ஓடுகிற எஞ்சினை எழுதியவள் பெர்லிதா.

அந்த எஞ்சினுக்குள் எட்டு இழைகள் வேலை பார்த்தன. த்ரெட் என்பார்கள். ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் உழைக்கும் எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். வார்டிலிருந்து ஒரு வேலை வந்தால், சும்மா இருக்கும் இழை ஒன்று அதை எடுத்துக்கொள்ளும். முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒவ்வோர் இழைக்கும் சொந்தமாக ஒரு சின்ன இடம் உண்டு, சட்டைப்பை போல. மற்ற ஏழும் அதற்குள் கை விட முடியாது. ஒரு வேலையை எடுக்கும்போது, அதைக் கேட்டவர் பெயரை இழை தன் பைக்குள் போட்டுக்கொள்ளும். பிறகு 'இதைச் செய்தது யார்' என்று பதிய வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பையைப் பார்த்துப் பெயரை எழுதும்.

இழை செத்தால் அதன் பையும் தானாகக் காலியாகிவிடும். ஆனால் இந்த எட்டும் சாவதில்லை. மருத்துவமனைக் கணினியை யாரும் அணைப்பதில்லை. மாதக்கணக்காக அதே எட்டு இழைகள்தான். ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் பையைக் காலி செய்வதை நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்லிதா அதற்காக ஆறு வரி எழுதியிருந்தாள். வேலை ஒழுங்காக முடிந்தாலும் சரி, நடுவில் பிழை வந்து பாதியில் அறுந்தாலும் சரி, அந்த ஆறு வரியும் ஓடியே தீரும்.

அந்த ஆறு வரியைத்தான் டெக்ஸ்டர் வில்யாமோர் அழித்தான்.

டெக்ஸ்டர் மணிலாவிலிருந்து வந்தவன், பெர்லிதாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். வந்த அன்றே தலைமை வடிவமைப்பாளர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டான். அவன் வந்த சமயத்தில் ஒரு புகார் இருந்தது. எப்போதாவது ஒருமுறை நிரலை நிறுத்தினால், நிற்கும் நொடியில் திரையில் பெரிதாக ஒரு பிழைச் செய்தி வந்து விழும். நிரல் நிற்கும்போது பதிவேட்டை முதலில் மூடிவிட்டு, அப்புறம் இழைகளை அனுப்பி வைத்தது. போகிற இழைகள் பையைக் காலி செய்யும்போது 'காலி செய்தேன்' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதப் பார்க்கும். மூடிய பதிவேட்டில் எப்படி எழுதுவது? அங்கேதான் உடைந்தது. முதலில் இழைகள், கடைசியில் பதிவேடு என்று வரிசையை மாற்றினால் தீர்ந்தது. அதற்கு இரண்டு நாள் கேட்டாள் பெர்லிதா. டெக்ஸ்டர் இரண்டு நாள் காத்திருக்கவில்லை. ஆறு வரியை எடுத்துவிட்டான். பிழைச் செய்தியும் போய்விட்டது.

"மனாங் பெர்லி, நிரலை நிறுத்தினா மொத்தமா எல்லாம் காலியாகிடுது. அதுக்கு முன்னாடி எதுக்கு உக்காந்து பெருக்கித் துடைச்சுக்கிட்டு?" என்றான். மனாங் என்றால் அக்கா.

"நிறுத்தினாத்தானே சார். ஆஸ்பத்திரில யாரு நிறுத்துறா?"

"அடுத்த வேலை வந்தா புதுப் பேரு பழசு மேல விழுந்துடும். முடிஞ்சது."

"பேரே இல்லாம வர்ற வேலை? பரிசோதனை மெஷின்லருந்து நேரா வர்றதுக்குப் பேரு ஏது? அது பையைப் பாக்கும், பழைய பேரு கெடக்கும், அதையே எடுத்து எழுதிடும்."

டெக்ஸ்டர் சிரித்தான். சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "மனாங் அந்த ஆறு வரியைப் பெத்து வளத்திருக்காங்கப்பா. பாசம் விடமாட்டேங்குது."

முதலாளி ரெனாந்தே கபாஹுகுக்கு அவள் விவரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். டெக்ஸ்டர் சொன்னதே முடிவு என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவதை அவள் எழுதவில்லை. அந்த மாதம் நெஸ்தோருக்குக் குடலிறக்க அறுவை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டாள்.

இது நடந்து பதினான்கு மாதம் கழித்து, ஜூன் மாதத்து மதியம் ஒன்றில், அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் மீன் சாறும் இரண்டு பூசோச் சோற்றுப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு பெர்லிதா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சாதாரண உடை, காலில் மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் போடும் வெள்ளைச் செருப்பு. எதையும் வாங்கித் தின்னாமல் அலுவலக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாம், நீங்க அந்த ஆபீஸா?"

"ஆமா. என்ன வேணும்?"

"காவல்காரர் மூணு நாளா உள்ள விடமாட்டேங்குறார். அந்த ரத்த வங்கி நிரலை எழுதினவங்களைப் பாக்கணும். அது என் பேரைச் சொல்லுது. என் பேரை அதுக்கு யாரு குடுத்தான்னு கேக்கணும்."

பெர்லிதா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் பெயர் லோர்னா தூமுலாக். தலிசாய்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஒன்பது வருடமாக வேலை. மூன்று வாரம் முன்பு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தென்னை மரம் அறுக்கும் கூலிக்காரர். முன்பே அங்கே வந்தவர் என்பதால் அவருடைய ரத்த வகை ஓ என்று பதிவில் இருந்தது. அவசரப் பிரிவில் கூட்டம். பக்கத்துப் படுக்கைக்காரரின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயில் இவருடைய சீட்டை ஒட்டிவிட்டார்கள். பரிசோதனை இயந்திரம் அதைப் படித்து, ஓ இருந்த இடத்தில் ஏ என்று எழுதியது. ஏ ரத்தம் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் ஆள் நடுங்க ஆரம்பித்தார். நர்ஸ் ஒருத்தி பார்த்து நிறுத்தியதால் உயிர் தப்பியது. ஆனால் சிறுநீரகம் நின்றுபோய்ப் பதினோரு நாள் டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டு வைத்திருந்தார்கள்.

பதிவைத் திறந்து பார்த்தால், காலை பத்து பதினாலுக்கு ஓ என்பதை ஏ என்று கையால் மாற்றியவர் லோர்னா தூமுலாக்.

"பத்து பதினாலுக்கு நான் மூணாவது மாடில ஒரு குழந்தைக்கு நரம்பு தேடிக்கிட்டிருந்தேன் மாம். அது என் விரலைக் கடிச்சு வெச்சுது. விசாரணைல அதைச் சொன்னேன். அப்ப பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தேன்னு கேட்டாங்க. யாருக்கும் குடுக்கலேன்னேன். அப்ப நீதான் மாத்தினேன்னாங்க. கம்ப்யூட்டருக்கு உன் மேல என்ன விரோதம்னு ஆஸ்பத்திரி வக்கீல் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. என் உரிமத்தைப் பிடுங்கச் சொல்லி எழுதப் போறாங்களாம்."

அவள் அழவில்லை. மூன்று வாரமாக யாரும் நம்பாத கதையைச் சொல்லிச் சொல்லி, குரல் தகரம் மாதிரி ஆகியிருந்தது.

"அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப அந்த நிரல்ல வேலை பாத்தே, இண்டாய்?" தங்கையைக் கூப்பிடுவது போல இண்டாய் என்ற பெர்லிதாவின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பத்து அஞ்சுக்கு. ஒரு ரத்தப் பையை எடுத்துக் குடுத்தேன். முறையா வெளியேறிட்டுத்தான் மாடிக்குப் போனேன்."

"நீ வெளியேறிட்டே. உன் பேரு வெளியேறல."

"என்ன சொல்றீங்க?"

"இங்கயே இரு. எங்கயும் போயிடாதே. இந்தச் சாறைக் குடி, நான் தொடல."

மாடிக்குப் போய், அந்த மருத்துவமனை அனுப்பியிருந்த பதிவுகளின் நகலைத் திறந்தாள். எந்த வேலை எங்கிருந்து வந்தது, அதை எந்த இழை செய்தது என்ற குறிப்பு அதில் ஒரு மூலையில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. பத்து அஞ்சு: லோர்னா, ஐந்தாம் இழை. அதன் பிறகு ஐந்தாம் இழை எடுத்ததெல்லாம் இயந்திரத்திலிருந்து வந்த பெயரில்லாத வேலைகள். பத்து பதினாலு: இயந்திரம், ஐந்தாம் இழை, ஓ மாறி ஏ. ஒன்பது நிமிடமாக லோர்னாவின் பெயர் அந்தப் பையில் கிடந்திருக்கிறது.

அதைவிட மோசமானது அடுத்த வரியில் இருந்தது. பழைய ரத்த வகையை இயந்திரம் மாற்றினால் நிரல் தடுத்து நிறுத்தும், இன்னொரு முறை ரத்தம் எடுத்து வா என்று கேட்கும். அதிகாரம் உள்ள ஊழியர் கையால் மாற்றினால் கேட்காது. அவர் சரிபார்த்துத்தான் மாற்றியிருப்பார் என்று நம்பிவிடும். பையில் பெயர் கிடந்ததால், மாற்றியது மனுஷி என்று நினைத்து நிரல் வாயை மூடிக்கொண்டது. அந்த ஆறு வரி இருந்திருந்தால், சீட்டு மாறியது அங்கேயே பிடிபட்டிருக்கும். அந்த மனிதர் உடம்பில் ஒரு துளி தவறான ரத்தம் ஏறியிருக்காது.

ரெனாந்தேயின் அறைக்கு அவள் கதவைத் தட்டாமல் போனாள். டெக்ஸ்டரும் அங்கேதான் இருந்தான். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. மருத்துவமனை கேட்டிருந்த சான்று. மேற்படி பதிவு பிழையற்றது என்று, எஞ்சினை எழுதிய பெர்லிதா யபானியெஸ் உறுதி கூறுவதாக அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நல்ல வேளை வந்தே பெர்லி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார் ரெனாந்தே.

அவள் நின்றபடியே படித்தாள். "இதுல பொய் எழுதியிருக்கு சார்."

"பொய்ன்னு சொல்லாதே. நமக்குத் தெரிஞ்ச வரைக்கும்னு போட்டிருக்கேன் பாரு."

"எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அதனால இந்தத் தாள் செல்லாது." தான் பார்த்ததை நான்கே வாக்கியத்தில் சொன்னாள்.

டெக்ஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்தான். "மனாங், அது லட்சத்துல ஒரு தடவை நடக்கிற விஷயம்."

"அந்த ஒரு தடவை யாரு தலைல விழுந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?" அந்த அலுவலகத்தில் தான் சார் என்று கூப்பிடும் ஒருவரை, பத்தொன்பது வருடத்தில் அவள் நீ என்றது அன்றுதான். "லோர்னா தூமுலாக். எதிர்க் கடைல உக்காந்திருக்கா. இறங்கிப் போ. லட்சத்துல ஒண்ணுதான், கவலைப்படாதேன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

டெக்ஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"பெர்லி, உக்காரு" என்றார் ரெனாந்தே. "பதினோரு ஆஸ்பத்திரி. முப்பத்திரண்டு குடும்பம் இதுல சாப்பிடுது. ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எல்லாரும் தெருவுலதான். அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரிபண்ணிடுவோம். அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது வேலை பாத்துக் குடுக்கலாம்."

"அவ உரிமத்தைப் பிடுங்கச் சொல்லி எழுதப் போறாங்க. அப்புறம் எங்க வேலை பாத்துக் குடுப்பீங்க? உங்க வீட்டுச் சமையலுக்கா?"

"நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்னா இங்க திரும்பி வராதே."

"சரி சார்" என்று தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "இதை மட்டும் எடுத்துக்கிறேன். எப்படிக் கேட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

விற்பனைக்காரர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும் செயல்விளக்கக் கணினி ஒன்று அலமாரியில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். லோர்னா சாறைக் குடித்து முடித்திருந்தாள். இருவரும் ஜீப்னி பிடித்தார்கள்.

விசாரணைக் குழு இரண்டு நாள் கழித்துக் காலையில் கூடியது. குழுத் தலைவர் எவாங்கெலினா சூயிகோ என்ற பெண் மருத்துவர், எல்லோருக்கும் டாக்டோரா. ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். அந்த வக்கீலும் இருந்தார். நிறுவனத்தின் தரப்பைச் சொல்ல ரெனாந்தே டெக்ஸ்டரை அனுப்பியிருந்தார். லோர்னா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பெர்லிதா கணினியை மேசை நடுவில் வைத்தாள்.

"டாக்டோரா, இதுல இருக்கிறது உங்க ஆஸ்பத்திரில ஓடுற அதே நிரல். எட்டு த்ரெட். நான் ஒரு எழுத்துகூட மாத்தல."

"அதை நாங்க எப்படி நம்புறது?" என்றார் வக்கீல்.

"நம்பாதீங்க. இவரு எங்க தலைமை வடிவமைப்பாளர். இவரே சரிபாக்கட்டும்."

டெக்ஸ்டர் பத்து நிமிடம் குடைந்தான். அதேதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெர்லிதா டாக்டோராவைத் தன் பெயரில் உள்ளே நுழைந்து, ஏதாவது பத்துப் பதிவுகளைத் திறந்து பார்க்கச் சொன்னாள். பிறகு டெக்ஸ்டரையும் அப்படியே செய்யச் சொன்னாள். இருவரும் வெளியேறினார்கள். "இப்ப ரெண்டு பேரும் கையை மடில வெச்சுக்குங்க" என்றாள். ஓ வகை என்று பதிந்திருந்த நாற்பது கற்பனை நோயாளிகளுக்கு, இயந்திரம் அனுப்புவது போல ஏ என்ற முடிவை வரிசையாக அனுப்பினாள். அதன் பின் பதிவைத் திறந்து புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டினாள்.

இருபத்து மூன்று நோயாளிகளின் ரத்த வகையைக் கையால் மாற்றியவர் டாக்டோரா எவாங்கெலினா சூயிகோ. பன்னிரண்டு பேருடையதை மாற்றியவர் டெக்ஸ்டர் வில்யாமோர். ஐந்தே ஐந்துதான் இயந்திரத்தின் பெயரில் இருந்தன. அந்த ஐந்துக்கு மட்டும் நிரல் தடுத்து, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தது. மற்ற முப்பத்தைந்தும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன.

டாக்டோரா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கையை அசைக்கவே இல்லையே" என்றார்.

"அதைத்தான் இவ மூணு வாரமா சொல்லிக்கிட்டிருக்கா" என்றாள் பெர்லிதா. வக்கீல் பக்கம் திரும்பினாள். "கம்ப்யூட்டருக்கு டாக்டோரா மேல என்ன விரோதம்னு கேளுங்க வக்கீல் சார். அன்னிக்குச் சிரிச்சவங்க இன்னிக்கும் சிரிக்கட்டும்."

வக்கீல் தாள்களை அடுக்கினார்.

"இது எப்படி நடக்குது?" என்று டாக்டோரா கேட்டார்.

"ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையைக் கழற்றாம அடுத்த நோயாளிகிட்டப் போனா என்ன ஆகும்? அதுதான். கழற்றுற வேலைக்கு ஆறு வரி எழுதி வெச்சிருந்தேன். எடுத்துட்டாங்க."

"எப்ப எடுத்தாங்க?"

"பதினாலு மாசம் முன்னாடி."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வந்திருக்கவில்லை. ரெனாந்தேக்கு இரண்டு மின்னஞ்சல் எழுதினேன் என்று சொல்லலாம். அதன் நகல்கூடக் கைப்பையில் இருந்தது. நெஸ்தோரின் அறுவையைச் சொல்லலாம். சுவரோரமாக இருந்த லோர்னா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பெர்லிதா கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்லல."

அன்று வரை அவளுடைய கோபம் முழுக்க டெக்ஸ்டர் மேலும் ரெனாந்தே மேலும் இருந்தது. அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது பாதி அவள் மேலேயே திரும்பியிருந்தது. அது அவளுக்கு நல்லதாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. வாசலில் லோர்னா அவளை நிறுத்தினாள்.

"நன்றி சொல்ல மாட்டேன் மனாங்."

"சொல்லாதே."

"ஆனா வந்தீங்க" என்று சொல்லிவிட்டு லோர்னா தெருவைக் கடந்து போனாள்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. லோர்னா மேல் குற்றம் இல்லை, உடனே வேலைக்குத் திரும்பலாம். குழாயில் சீட்டு ஒட்டும் முறையை அவசரப் பிரிவில் திருத்த வேண்டும். மற்றபடி நடந்தது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. தனிநபர் எவரும் பொறுப்பல்ல.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் பெர்லிதாவுக்கு உடம்பு எரிந்தது. லோர்னா என்று ஒரு பெயரை மூன்று வாரம் ஊரெல்லாம் இழுத்தார்கள். குற்றம் இடம் மாறியதும் தனிநபர் எவரும் இல்லையாம். இயந்திரம் கெட்டுப்போகவில்லை, அதில் இருந்ததை ஒரு கை அழித்தது, ஒரு வாய் சரி என்றது, ஒரு வாய் மூடிக்கொண்டது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். தேதி போட்டு, மூன்று பெயர்களையும் போட்டாள். அழித்தவர் டெக்ஸ்டர் வில்யாமோர். அனுமதித்தவர் ரெனாந்தே கபாஹுக். தெரிந்தும் இரண்டு மின்னஞ்சலோடு நிறுத்திக்கொண்டவர் பெர்லிதா யபானியெஸ். கையெழுத்துக்குப் போட்ட அந்தத் தாளையும் சேர்த்து டாக்டோராவிடம் நேரில் கொடுத்தாள்.

"மூணாவது பேரு தேவையா?" என்றார் டாக்டோரா.

"அது இல்லேன்னா மத்த ரெண்டும் நிக்காது."

டாக்டோரா அதை அறிக்கையோடு கோத்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு அனுப்பினார். ரெனாந்தேயால் அவளை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. நிரலை அவள் கையாலேயே சரிசெய்து தந்தால்தான் ஏற்போம் என்று மருத்துவமனை எழுதிவிட்டது. டெக்ஸ்டர் அடுத்த மாதமே மணிலாவில் வேறொரு நிறுவனத்துக்கு, இன்னும் நீளமான பதவிப் பெயரோடு போனான். போகும் அன்று எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தான். அவள் மேசைக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் அதைத் தொடவில்லை. மாலைக்குள் எறும்பு மொய்த்துவிட்டது.

ஆறு வரியும் பழைய இடத்துக்கு வந்தன. நிறுத்தும் வரிசையையும் மாற்றினாள்: முதலில் இழைகள் வேலையை முடித்து, பையைக் காலி செய்து போகும், கடைசி இழை போன பிறகே பதிவேடு மூடும். எல்லாவற்றுக்கும் பிடித்தது ஒன்றரை நாள். இரண்டு நாள்கூட ஆகவில்லை என்பதுதான் அவளை அதிகமாக எரித்தது. ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்க ஒரு மனிதரைப் பதினோரு நாள் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள்.

அத்தோடு விடவில்லை. மற்றப் பத்து மருத்துவமனைகளின் பதினான்கு மாதப் பதிவுகளையும் வரவழைத்து, ஒவ்வொரு வரியாக இழை எண்ணை ஒப்பிட்டாள். ரெனாந்தே அறைக்கு வெளியே வந்து நின்று பார்த்தார், திரும்ப உள்ளே போனார். ஆயிரக்கணக்கான இடங்களில் பெயர் தவறாக இருந்தது. பெரும்பாலானவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒன்றில் மட்டும், எட்டு மாதம் முன்பு துமகெத்தே ஊர் மருத்துவமனையில், ஒரு கர்ப்பிணியின் ரத்த வகை மாறியிருந்தது. படுக்கை அருகே நர்ஸ் கேட்டுச் சரிபார்த்ததால் ரத்தம் ஏறவில்லை. மாற்றியவர் ஃபெலிமோன் கதுபிக் என்று இருந்தது. விசாரித்தபோது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். எண்ணை வாங்கி, காலை பத்து மணிக்கு அழைத்தாள். பின்னணியில் கோழிகளின் சத்தம் கேட்டது. அண்ணன் கடையில் தீவனம் விற்றுக்கொண்டிருந்தார் ஃபெலிமோன்.

தான் யார், எதற்காக அழைக்கிறேன் என்பதைச் சொன்னாள்.

"நான் ஒத்துக்கிட்டேனே மாம்" என்றார் அவர். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே."

"மாத்தின ஞாபகம் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல என் பேரு இருந்துச்சே. பன்னெண்டு மணி நேர டூட்டி. அசதில கை செஞ்சிருக்கும், தலைக்குத் தெரியலன்னு நெனச்சேன். அந்தம்மா பிழைச்சது சாமி புண்ணியம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எந்த லேப் பக்கமும் போகல. இன்னொரு தடவை அப்படி ஆகி யாராவது செத்துட்டா என்ன பண்றதுன்னு."

"நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க கை எதையும் தொடல. தப்பு எங்க நிரல்ல. அது எனக்கு அப்பவே தெரியும்."

கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"மாம், ஃபோனை வெச்சுடாதீங்க" என்றார் ஃபெலிமோன். "என் வீட்டுக்காரியைக் கூப்பிடுறேன். அவகிட்ட இதையே சொல்லுங்க. எட்டு மாசமா நான் எதைத் தொட்டாலும் ரெண்டு தடவை சரிபாக்கிறா. அடுப்பு, பூட்டு, பிள்ளையோட மருந்து. நானேதான் அப்படிப் பாக்கச் சொன்னேன். முதல்லருந்து சொல்லுங்க மாம், அவசரமில்லாம."

செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ வரும் சத்தமும், ஒரு பெண் குரல் யாரென்று கேட்பதும் கேட்டன. பெர்லிதா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். மெதுவாக, சொல் சொல்லாக, முதலிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள்.